அக்காவுக்கு: அந்தக் கறுப்புப் பையை இனிமே நான் தூக்கல

அக்கா,

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா பண்ற ட்ரையத்லானுக்குப் பை வாங்கிட்டேன். முதுகுல மாட்டுறது, 45 லிட்டர், உள்பக்கம் முழுக்க ஆரஞ்சு. உன் கறுப்பு டஃபிளை, அந்தத் தோள்ல மாட்டுற நீளப் பையை, இனிமே ரேஸுக்கு எடுத்துட்டுப் போகமாட்டேன். நேர்ல சொல்லியிருக்கலாம், போன்லயாவது சொல்லியிருக்கலாம், ஆனா நாம பேச ஆரம்பிச்சா கொஞ்ச நேரத்துல பேச்சு எங்க போய் முட்டும்னு ரெண்டு பேருக்கும் தெரியும், அதான் எழுதுறேன். இதை க்ரூப்ல எல்லாரும் படிப்பாங்க, அம்மாவும் படிப்பாங்க. அதனால நீ ஏன் ரேஸை விட்டேங்கறதை இங்க எழுதப்போறதில்ல. அது உன் விஷயம், யார் கேட்டாலும் என் வாயிலருந்து வராது.

அடுத்த மாசம் ஹாஃப், அதான் பாதி தூர ட்ரையத்லான், போறேன். எந்த ரேஸ்னு உனக்குத் தெரியும், நாம சேந்து போறதா இருந்ததுதான்.

ஒரு பைக்கு இவ்ளோ யோசனையான்னு நீ கேப்ப. எப்பவுமே அதான கேப்ப. 1974ல சான் டியாகோ மிஷன் பேல முதல் ட்ரையத்லான் நடந்தப்போ 46 பேர் கலந்துக்கிட்டாங்க, அவங்கள்ல யாருடி ட்ரான்சிஷன் பேக் (நீச்சல்லருந்து சைக்கிளுக்கும் அப்புறம் ஓட்டத்துக்கும் மாறுற இடத்துக்குச் சாமான் கொண்டுபோற பை) வச்சிருந்தான்னு கேட்டு என் வாயை அடைப்ப. சரி, யாரும் வச்சிருந்திருக்க மாட்டாங்க. ட்ரையத்லானுக்குன்னே தைச்ச வெட்சூட், அதான் நீந்தும்போது போடற ரப்பர் உடுப்பு, வந்ததே 80கள்லதான், அப்போ அவ்ளோ சாமானும் கெடையாது. நமக்கு இருக்கே அக்கா. வெட்சூட், ரெண்டு ஷூ, ஹெல்மெட், நம்பர் மாட்டுற ரேஸ் பெல்ட், நேரம் கணக்கு வைக்கற சிப், தெம்புக்குச் சாப்பிடற ஜெல், உப்பு மாத்திரை, பஞ்சர் சாமான், துண்டு, போட்டி முடிஞ்சதும் மாத்துறதுக்கு காஞ்ச துணி, இதெல்லாத்தையும் ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே டஃபிள்ல போட்டு நடுவுல ஒரு ஜிப். அக்கா தங்கச்சிக்கு எதுக்கு ரெண்டு பைன்னு நீ சொன்னப்போ எனக்கு அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு. இப்பவும் அதை நினைச்சா சந்தோஷமாத்தான் இருக்கு, அதுதான் கஷ்டம்.

அந்த ஏரி ரேஸ் பத்தி நாம ஒழுங்கா பேசுனதே இல்ல. நீ உன் பக்கத்தை எல்லார்கிட்டயும் சொல்லிட்ட. நான் இன்னிக்குத்தான் சொல்றேன்.

இருட்டு. ட்ரான்சிஷன்ல விளக்கு அந்த ஓரத்துல மட்டும். என் தலைல டார்ச், அது குனிஞ்சா ஒரு இடத்துல அடிக்கும் நிமிந்தா வேற இடத்துல அடிக்கும். உன் டஃபிளைத் திறந்தா உள்ள கறுப்பு, அதுக்குள்ள வெட்சூட் கறுப்பு, சாக்ஸ் கறுப்பு, காகிள்ஸ், அதான் நீச்சல் கண்ணாடி, அதோட பட்டையும் கறுப்பு. நான் கையால தடவித் தடவிப் பாக்கறேன், விரல் போய் சைக்கிள் ஷூ அடியில இருக்கற க்ளீட்ல குத்துது. அதுக்குள்ள மைக்ல சொல்றாங்க, பையெல்லாம் வெளிய எடுங்க, ட்ரான்சிஷன் மூடப்போறோம்னு. நீ வந்து ஜிப்பை ஒரே இழுப்புல இழுத்து மூடிட்டு தோள்ல போட்டுக்கிட்டு, பையை ஒப்படைக்கற பேக் டிராப்புக்குப் போயிட்ட. தண்ணில கும்பல் கும்பலா இறக்கிவிடறதுல உன் வேவ் என் வேவுக்கு முன்னாடி, உனக்கு அவசரம், எனக்குப் புரியுது. என் காகிள்ஸ் நான் எடுத்துட்டேன்னு நீ நினைச்ச, நீச்சல் கேப்போட சேத்து நீ எடுத்து வச்சிருப்பேன்னு நான் நினைச்சேன். பொதுப் பைல இதான் பிரச்சனை, ஒவ்வொரு பொருளும் இன்னொருத்தர் கையில இருக்குன்னே ரெண்டு பேரும் நினைச்சுக்குவாங்க.

கரைக்கு வந்து நின்னப்போதான் தெரிஞ்சுது. பேக் டிராப் அந்தப் பக்கம், திரும்ப ஓடுனா நேரம் பத்தாது. நான் ஒண்ணுமே சொல்லல, நீதான் என் மூஞ்சியைப் பாத்துட்டு வரிசையிலருந்து வெளிய வந்த. உன் காகிள்ஸைக் கழட்டி என் தலைல மாட்டி, பட்டை கேப்புக்குள்ள போகட்டும், யாராவது உதைச்சாலும் கழண்டு போகாதுன்னு சொல்லிக்கிட்டே என் கேப்பைத் தூக்கி மறுபடி இழுத்துவிட்ட. உன் விரல் ஜில்லுன்னு இருந்துச்சு. காதுக்குப் பின்னாடி ஒரு முடியை உள்ள தள்ளிவிட்டு, மூக்குப்பக்கம் அமுக்கிப் பாத்து, காத்து போகுதான்னு கேட்ட. உனக்கு என்ன பண்ணுவன்னு நான் கேக்கறதுக்குள்ள ஹார்ன் அடிச்சுட்டாங்க, நீ தண்ணிக்குள்ள ஓடிட்ட. வெறும் கண்ணோட, ஒன்றரைக் கிலோமீட்டர்.

நான் நீந்தி முடிச்சு வெட்சூட்டை இடுப்பு வரைக்கும் உரிச்சுக்கிட்டு ஓடி வந்தா உன் சைக்கிள், மாட்டி வைக்கற ராக்லயே தொங்கிட்டு இருக்கு. எனக்கு முன்னாடி இறங்குன நீ இன்னும் வரல. தலையைத் தண்ணிக்கு மேலயே தூக்கிக்கிட்டு மிதவையைத் தேடித் தேடி நீந்தியிருக்க. அப்படி நீந்துனா இடுப்பு கீழ இறங்கிடும், அவ்ளோ உடம்பையும் கையாலயே இழுக்கணும், அதெல்லாம் எனக்கு அப்புறம் உறைச்சுது. அந்த நேரத்துல நான் ஹெல்மெட்டைப் போட்டேன், பட்டையை மாட்டுனேன், அதை மாட்டாம சைக்கிள்ல கை வைக்கக்கூடாதுன்னு நீ சொல்லிச் சொல்லி அது மட்டும் தானா வரும், சைக்கிளை எடுத்தேன், போயிட்டேன்.

நின்னிருக்கணுமா? நின்னிருந்தா நீதான் முதல்ல திட்டியிருப்ப. காகிள்ஸைக் கழட்டிக் குடுத்தது நான் ரேஸை முடிக்கணும்னுதான, அங்க நின்னு அழுதுட்டு இருக்கறதுக்கா? எனக்கு சாரி சொல்லணும் போலத்தான் இருக்கு, ஆனா எதுக்குன்னு சொல்லத் தெரியல. நீ கண்ணு சிவந்து கரையேறுனப்போ நான் அங்க இல்லாம போனதுக்கு சாரி. போனதுக்கு சாரி இல்ல.

அப்புறம் அன்னிக்கு ராத்திரி எல்லாரும் சாப்பிட உக்காந்தப்போ நீ சொன்ன, இவளுக்குப் பை அடுக்கத் தெரியாது, இவளால என் ரேஸ் போச்சுன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. அக்கா, அடுக்குனது நீ. முந்தின நாள் ராத்திரி நான் வச்சதையெல்லாம் வெளிய எடுத்து, இடம் பத்தலைன்னு மறுபடி திணிச்சது நீ. அதை நான் அங்க சொல்லல, ஏன்னா உன் கண்ணு இன்னும் சிவப்பாத்தான் இருந்துச்சு. அதுக்கப்புறம் அந்தக் கதை க்ரூப்ல எத்தனையோ பேர் வாயில வந்துடுச்சு, ஒவ்வொரு தடவையும் நான் கொஞ்சம் கொஞ்சமா இன்னும் மக்காயிட்டே போறேன். உன் நல்ல மனசை நீயே எல்லார்கிட்டயும் சொல்லித் தீத்துட்ட, எனக்குன்னு நான் வச்சுக்க அதுல மிச்சம் வைக்கல. இதைப் படிக்கறவங்க என்ன வேணா நினைச்சுக்கட்டும், இந்த ஒரு வரியை நான் அழிக்கப்போறதில்ல.

சரி. பை.

உள்பக்கம் ஆரஞ்சுன்னு சொன்னேன்ல, கடைல முதல்ல பாத்தது அதைத்தான். வெளிய என்ன கலர் இருந்தாலும் எனக்குக் கவலை இல்ல, உள்ள வெளிர் கலரா இருக்கணும். கறுப்புச் சாமானைக் கறுப்புக் குழிக்குள்ள தேடுறதை யார் கண்டுபிடிச்சாங்களோ. ஆரஞ்சு மேல காகிள்ஸ் கிடந்தா டார்ச் இல்லாமலே தெரியுது, வீட்ல லைட்டை அணைச்சுட்டுப் பாத்தேன். ஜிப் மூணு பக்கமும் ஓடுது, பெட்டி மாதிரி முழுசா விரியும், ஒண்ணைத் தோண்டி எடுக்க இன்னொண்ணைக் கொட்ட வேண்டாம்.

கைப்பை வேணாம், முதுகுப்பை வேணும்னு முடிவு பண்ணதுக்குக் காரணம் சைக்கிள். ரேஸ் காலைல ஒரு கை சீட்ல, இன்னொரு கையில பம்ப், டஃபிள் தோள்லருந்து வழுக்கி முழங்கைக்கு வந்துடும், அதைத் தூக்கிவிடப் போனா ஹேண்டில்பார் சடார்னு திரும்பி முன் சக்கரம் காலை இடிக்கும். நீ அப்படியே தள்ளிக்கிட்டு வருவ, உன் தோள் அகலம், எனக்கு வராது. இதுல நெஞ்சுப் பட்டை, இடுப்புப் பட்டை ரெண்டும் இருக்கு, மாட்டிட்டா சைக்கிள் ஓட்டிக்கிட்டே கூடப் போகலாம். ஆனா வாங்கறதுக்கு முன்னாடி ஹெல்மெட் போட்டு, பையையும் மாட்டி, குனிஞ்சு நிமிந்து பாக்கணும். பையோட மேல்முனை உயரமா இருந்தா ஹெல்மெட்டோட பின்பக்கம் அதுல இடிச்சு தலையைத் தூக்கவே விடாது. ஒரு 60 லிட்டர் பையை நான் வேணாம்னு வச்சது அதுக்குத்தான், பெருசா இருந்தா அதை நிரப்பவும் தோணும்.

ஹெல்மெட்டுக்கு வெளிய வலை வச்ச பைங்க நிறைய இருக்கு. எனக்கு அதுல இஷ்டம் இல்ல. ஹெல்மெட்டுக்குள்ள இருக்கறது தெர்மாகோல் வகை நுரைதான, அடியை வாங்கி நசுங்கறதுதான் அதோட வேலை, ஒரு தடவை நசுங்குனா மறுபடி எழும்பாது. பஸ்லயோ கார் டிக்கியிலயோ யாரோட பெட்டியாவது அதுமேல சாஞ்சா உள்ள விரிசல் விட்டது கூடத் தெரியாது. அதனால உள்ள, மேல் தட்டுல, குழியா ஒரு இடம் இருக்கு, அங்கதான் வைப்பேன். ஹெல்மெட் குழிக்குள்ள காகிள்ஸ், ரேஸ் பெல்ட், சிப். கடைசியா வச்சது முதல்ல கைக்கு வரும்.

அடியில ஈரத்துக்குன்னு தனி அறை, அதுக்குத் தனி ஜிப், தார்ப்பாய் மாதிரி துணி, ஓரத்துல தண்ணி வடிய ஒரு ஓட்டை. ரேஸ் முடிஞ்ச வெட்சூட் தண்ணியைக் குடிச்சு எவ்ளோ கனக்கும்னு உனக்குச் சொல்ல வேண்டாம், உன் டஃபிள்ல அது என் காஞ்ச டிஷர்ட்டை நனைச்சதும் நீ உன் ஜாக்கெட்டைக் கழட்டிக் குடுத்ததும் எனக்கு மறக்கல. போகும்போது வெட்சூட்டை மடிக்காம சுருட்டி அதுல போட்டுடலாம், ஷூ இருக்கற பக்கம் வரவே வராது. க்ளீட்டோ நகமோ பட்டாலே வெட்சூட்டோட நியோப்ரீன் ரப்பர்ல வெட்டு விழுந்துடுதே. ஷூவுக்கு ரெண்டு பக்கமும் அறை, இடது சைக்கிள், வலது ஓட்டம். அதுக்கு மேல அறை வேணாம். இருபது பாக்கெட் வச்ச ஒரு பையையும் பாத்தேன், எந்தப் பாக்கெட்ல என்னன்னு மனப்பாடம் பண்ணவே தனியா ட்ரெயினிங் வேணும்.

ஐயன்மேன்ங்கற பேர்ல நடக்கற ட்ரையத்லான் ரேஸ்ல அவங்களே பை குடுப்பாங்களே, சைக்கிளுக்கு நீலம், ஓட்டத்துக்குச் சிவப்பு, அப்புறம் எதுக்குன்னு கேப்ப. அந்தப் பைங்கள்ல போடறதுக்கு முன்னாடி எல்லாம் ஏதோ ஒண்ணுல ஒழுங்கா வந்து சேரணும், முடிஞ்சப்புறம் ஈரமும் அழுக்குமா எல்லாம் ஏதோ ஒண்ணுல வீட்டுக்குப் போகணும். அதுவும் நான் போற ரேஸ்ல அதெல்லாம் கெடையாது, ராக் பக்கத்துல துண்டு விரிச்சு நாமளே வைக்கணும், பையை வெளிய குடுத்துடணும்.

இன்னொண்ணும் வாங்குனேன். காகிள்ஸ், ரெண்டாவது ஜோடி, உன் அளவு. உன் மூக்கு அளவுக்கு இருக்கற காகிள்ஸ் எனக்குப் பொருந்தாது, அதனால எனக்கு உதவாது. ஏன் வாங்குனேன்னு கேக்காத. ஈர அறை ஜிப்புக்குப் பக்கத்துல சின்னப் பாக்கெட்ல போட்டு வச்சிருக்கேன், அது அங்கயேதான் இருக்கும், நீ வந்தாலும் வராட்டியும்.

உன் டஃபிள் கட்டில் கீழ இருக்கு. அலசிக் காய வச்சுட்டேன், உள்ள உன் ரேஸ் பெல்ட், ஒத்தை சாக்ஸ் ரெண்டும் அப்படியே. பாதி ஜெல் பாக்கெட்டை மட்டும் தூக்கிப் போட்டுட்டேன், தேதி முடிஞ்சுடுச்சு. பை உனக்கு வேணும்னா எடுத்துக்கோ, வேணாம்னா வாயைத் திறந்து வேணாம்னு சொல்லு, அம்மா மூலமா சொல்லி அனுப்பாத.

ட்ரான்சிஷன் நாலரைக்குத் திறக்கறாங்க. நீ வர்றதா இருந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லு, வரலைன்னாலும் சொல்லு, ஏன்னா நிக்க வச்சு அடிக்கற அந்தப் பெரிய பம்ப் இந்தப் பைக்குள்ள போகாது, அதை யார் தூக்கிட்டு வர்றதுன்னு எனக்குத் தெரியணும்.