செட்டு என்று சொன்னால் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பின் சிறுவர் பக்கத்தில் 'செட் என்றால் தொகுப்பு. செட்டு என்று சொல்லக் கூடாது' என்று போட்டிருந்தீர்கள். ஆறாவது படிக்கும் என் மகள் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள். மறுநாள் 'தி சன் செட்ஸ் இன் தி வெஸ்ட்' என்ற வரிக்கு அவள் எழுதிய தமிழ்: 'சூரியன் மேற்கில் தொகுக்கிறது'. சிரித்துவிட்டேன், ஆனால் தப்பு அவள் மேல் இல்லை.

1989-இல் வந்த ஆக்ஸ்போர்டு அகராதியின் இரண்டாம் பதிப்பு இந்த ஒரு சொல்லுக்கு 430 பொருள் வாக்கில் கொடுத்திருக்கிறது. சூரியன் மறைவது, சிமென்ட் இறுகுவது, அலாரம் வைப்பது, கேள்வித்தாள் தயாரிப்பது, விலகிய எலும்பைச் சேர்த்து வைப்பது எல்லாமே 'செட்'தான். உண்மையில் இது ஒரே சொல்லும் இல்லை. 'வை' என்ற பொருளில் வருவது பழைய ஆங்கிலத்தின் 'செட்டன்', அதாவது உட்கார வைப்பது. கூட்டம், தொகுதி என்ற பொருளில் வருவது பழைய பிரெஞ்சு வழியாக வந்த லத்தீன் 'செக்டா'. இரண்டும் ஒலியில் ஒன்றாகிப்போய் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன, அவ்வளவுதான். நாமும் சும்மா இருக்கவில்லை. மைக் செட், பம்ப் செட், சினிமா செட், 'அவனுக்கும் எனக்கும் செட் ஆகாது' என்று நம் பங்குக்குச் சேர்த்துவிட்டோம். புரோட்டா கடையில் ஒரு செட் என்றால் இரண்டு, அதற்கு அகராதி வேண்டாம்.

சரி, அந்த 'டு'வுக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் இது ஒரு மெய், ஒரு உயிர், ஒரு மெய், ஆக ஓரசை. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது என்பது தொல்காப்பியக் காலத்து வழக்கம், அதனால் 'ட்' வந்ததும் நாக்கு தானாக ஒரு குற்றியலுகரத்தை, அதாவது குறுகி ஒலிக்கும் 'உ'வை, ஒட்டிக்கொள்கிறது; 'கார்', 'ஃபேன்' இரண்டும் ர், ன் என்று முடிவதால் அங்கே அந்தத் தேவை வருவதில்லை. இதைப் படிக்காதவர் பேச்சு என்று எப்படிச் சொல்வது? (வெண்பாவின் கடைசிச் சீராகக்கூட 'செட்' என்பது 'நாள்' என்ற வாய்பாட்டிலும் (ஓசை அளவிலும்), 'செட்டு' என்பது 'காசு' என்ற வாய்பாட்டிலும் போய் உட்கார்ந்துகொள்ளும்.) அப்புறம், அந்தப் பழைய 'செட்டன்' ஆங்கிலத்திலேயே ஈரசைதான். அவர்கள் நாக்கில் வால் உதிர்ந்தது, நம் நாக்கில் வேறொரு வால் முளைத்திருக்கிறது.

அந்தக் 'கூடாது'வை மட்டும் அடுத்த வாரம் திருத்திப் போடுங்கள். மகள் நோட்டில் நான் ஏற்கெனவே அடித்துவிட்டேன், சூரியன் வரியை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருநெல்வேலி