வெளிநாட்டு ஊழியருக்கான இணையக் குழுக்களில் தமிழும் ஒலிக்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

2020 ஏப்ரலில் கொரோனா பரவலால் சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகள் முடக்கப்பட்டபோது, அவர்களுக்கு உதவும் தொண்டு அமைப்பு ஒன்றின் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தேன். "போன் டாப்-அப் தீர்ந்துவிட்டது, ஊருக்குப் பேச முடியவில்லை" என்று இரவு பத்து மணிக்கு ஒரு தம்பி எழுதுவார். கால் மணி நேரத்தில் முகம் தெரியாத யாரோ பணம் போட்டிருப்பார்.

2023 ஜூலையில், ஊழியர்களை லாரியின் பின்புறம் ஏற்றிச் செல்வதை நிறுத்தச் சொல்லிப் பல அமைப்புகள் கூட்டறிக்கை வெளியிட்டன. இணையத்தில் பேச்சு சூடுபிடித்தது. சரி, ஆனால் நான் பார்த்தவரை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். லாரியில் நனைந்துகொண்டு போகிற புதுக்கோட்டைக்காரர் அதில் எப்படிக் கலந்துகொள்வார்? அமைப்புகளே, தமிழிலும் வங்காளத்திலும் குழு நடத்துங்கள். குரல்பதிவே போதும். மொழிபெயர்க்க என்னைப் போன்ற தொண்டூழியர்கள் தயார்.

வாசகர், ஈசூன்