வரவுக்குள் செலவு செய்யச் சொன்னவருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுப் பக்கத்தில் இந்தியக் கால்பந்தைப் பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். நல்ல கட்டுரைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கடைசிப் பத்தியில், ஐஎஸ்எல் என்ற இந்தியன் சூப்பர் லீக்குக்கு அடுத்த படியான ஐ-லீக் மட்டத்தில் இருக்கும் கிளப்கள் முதலில் வரவுக்குள் செலவு செய்யப் பழக வேண்டும் என்று கட்டுரையாளர் புத்தி சொல்லியிருந்தார் பாருங்கள், அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. எந்த வரவுக்குள் என்று அவர் சொல்லியிருந்தால் நானும் ஒரு பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டிருப்பேன்.

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லிவிடப் போவதில்லை. 2019 மார்ச் 9, சனிக்கிழமை, கோவை நேரு ஸ்டேடியம். சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபோடு ஆடுகிறது, ஜெயித்தால் ஐ-லீக் பட்டம். ஆரம்பித்ததும் கோல் வாங்கிவிட்டோம். அதே நேரத்தில் கோழிக்கோட்டில், பட்டத்துக்கு நம்மோடு போட்டியிலிருந்த கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருக்கிறது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் வேகவைத்த கடலைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையில் போனில் அந்த ஸ்கோரைப் பார்த்து எங்கள் வரிசைக்கே அறிவித்துக்கொண்டிருந்தார். நம் அணியின் மான்சி பெனால்டியில் ஒன்று போட்டார், கௌரவ் போரா இரண்டு போட்டார், 3-1. கடைசி கோலில் அவருடைய கடலை முழுக்க என் சட்டை மேல். 43 புள்ளி நமக்கு, 42 ஈஸ்ட் பெங்காலுக்கு. ஒரே ஒரு புள்ளியில் இந்தியாவின் சாம்பியன்.

மறுநாள் உங்கள் பத்திரிகையை ஆசையாகப் பிரித்தேன். கிரிக்கெட்டுக்கு அரைப் பக்கம் போக, கீழே நான்கு வரி. அதிலும் தலைப்பில் "சென்னையின்" பட்டம் வென்றது என்று, ஐஎஸ்எல்லில் ஆடும் சென்னையின் எஃப்.சி. என்ற வேறு கிளப்பின் பெயர். அன்றைக்கே திருத்தம் போடச் சொல்லிக் கடிதம் எழுதினேன். இன்னும் வரவில்லை. பரவாயில்லை, வேலை அதிகமாக இருக்கும்.

சரி, சாம்பியனுக்கு என்ன கிடைத்தது? அப்போது ஐ-லீக்கில் முதலிடம் வந்தாலும் ஐஎஸ்எல்லுக்குப் போக வழி கிடையாது, அது காசு கட்டிச் சேர்கிற கடை. ஐ-லீக் சாம்பியன் மேலே போகலாம் என்ற விதி 2022-23 சீசனில்தான் நடைமுறைக்கு வந்தது. நம் பையன்கள் நான்கு வருடம் அவசரப்பட்டு ஜெயித்துவிட்டார்கள், தப்பு அவர்கள் மேல்தான். ஒரு புள்ளியில் தோற்ற ஈஸ்ட் பெங்கால், முதலீட்டாளர் கிடைத்ததும் 2020-லேயே ஐஎஸ்எல்லுக்குள் போய்விட்டது. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, நூறு வருட கிளப், போகட்டும். ஆனால் ஜெயித்தவன்? சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப்பே வந்து 26 சதவீதப் பங்கு வாங்கிய அணி, 2020-21 சீசனோடு ஐ-லீக்கிலேயே இல்லை. ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றுக்கு வந்தபோது, பஹ்ரைன் அணியோடு நாம் ஆடிய மேட்ச் அகமதாபாத்தில் நடந்தது. கோயம்புத்தூர்க்காரன் சொந்த அணியைப் பார்க்க குஜராத்துக்கு ரயில் ஏற வேண்டும். டிக்கெட் கவுண்டரில் வரவு எப்படி வரும் ஐயா?

இதில் இன்னொரு வேடிக்கை. ஐ-லீக்கில் கடைசியில் வந்தால் கீழே தள்ளிவிடுவார்கள். 2022-23-இல் சுதேவா டெல்லியும் மும்பை கென்க்ரேவும் போயின. அப்போது ஐஎஸ்எல்லில் கடைசியில் வந்தவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. 2023-24-இல் ஹைதராபாத் அணி 22 மேட்சில் ஒன்றே ஒன்று ஜெயித்தது (அதுவும் நம்ம சென்னையின் அணியை), மொத்தம் 8 புள்ளி. வீரர்களுக்குச் சம்பள பாக்கி என்று ஊரே பேசியது. அடுத்த வருடமும் அதே லீக்கில்தான் ஆடினார்கள். வரவுக்குள் செலவு செய்யும் பாடத்தைக் கட்டுரையாளர் அங்கே போய் எடுத்திருக்கலாமே. லீக்கை நடத்தும் ஒப்பந்தம் முடியப்போகிறது என்றதும் 2025 ஜூலையில் ஐஎஸ்எல்லையே நிறுத்தி வைத்தார்கள், அப்புறம் டெண்டர் விட்டால் ஒருத்தரும் கேட்க வரவில்லை. மேல் மாடிக்கே இந்த லட்சணம், படிக்கட்டில் உட்கார்ந்திருப்பவனுக்குச் சிக்கன உபதேசம்.

நானும் ஒரு கிளப் நடத்துகிறேன். பெரிசாக ஒன்றுமில்லை, லேத் பட்டறையில் வருகிற காசில் பதினொரு வருடமாக ஒரு சின்ன லீக்கில் அணி இறக்குகிறேன். எந்த லீக் என்று சொல்ல வேண்டாம், நாளைக்கு நான் அங்கேயேதான் போய் நிற்க வேண்டும். நுழைவுக் கட்டணம், ரெஃப்ரி பேட்டா, ஜெர்சி, வேன் வாடகை, மேட்ச் முடிந்து பதினாறு பேருக்குப் புரோட்டா. ஒரு தடவை எதிரணியில், முந்தின மேட்சில் சிவப்பு அட்டை வாங்கி, இந்த மேட்சில் ஆடக் கூடாத பையனை இறக்கிவிட்டார்கள். எழுத்தில் புகார் தர வேண்டும், இரண்டாயிரம் கட்ட வேண்டும், ஒரு மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று விதி. எழுதிக்கொண்டு போனால் பொறுப்பாளர் டீ குடிக்கப் போயிருக்கிறார். திரும்பி வந்து வாட்சைப் பார்த்து, ஏழு நிமிடம் தாமதம் என்று நிராகரித்தார். இரண்டாயிரம் போனது போனதுதான், ரசீதும் கிடையாது. "விடுங்கண்ணா, பசங்க ஆட்டம்தானே" என்றார்.

அதனால்தான் 2024-25 ஐ-லீக்கில் இன்டர் காசிக்கு நடந்தது எனக்கு நன்றாகப் புரிந்தது. அங்கேயும் தடை செய்யப்பட்ட வீரரை எதிரணி இறக்கியதில்தான் தகராறு தொடங்கியது. ஒரு கமிட்டி புள்ளி கொடுத்தது, இன்னொரு கமிட்டி பிடுங்கியது. ஏப்ரலிலேயே சர்ச்சில் பிரதர்ஸ் கையில் கோப்பையைக் கொடுத்தும் முடித்துவிட்டார்கள். கடைசியில் சுவிட்சர்லாந்தின் லொசானில் இருக்கும் விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய், ஜூலை 18-ஆம் தேதி இன்டர் காசிதான் சாம்பியன் என்று தீர்ப்பு வாங்கினார்கள். லொசான் வரை வக்கீல் வைக்க அவர்களிடம் காசு இருந்தது. எனக்கு டீக்கடை வரைதான் போக முடிந்தது.

என்னிடம் பன்னிரண்டு வயதில் வந்த ஒரு இடது கால் பையனைப் பதினேழில் ஒரு பெரிய அகாடமி கூட்டிக்கொண்டு போனது. சந்தோஷம்தான், அவன் நன்றாக வரட்டும். ஆனால் என்னிடமிருந்து வாங்கியது ஒரு கையெழுத்து, கொடுத்தது ஒரு நன்றி. ஒரு வீரன் ஒரு நாட்டு கிளப்பிலிருந்து இன்னொரு நாட்டு கிளப்புக்கு விலைக்குப் போனால் அதில் 5 சதவீதம் அவனை வளர்த்த கிளப்களுக்குப் பிரித்துக் கொடுக்க ஃபிஃபா விதியே வைத்திருக்கிறது. உள்ளூரில் அப்படி ஒன்றை வையுங்கள், மேல் லீக்கிலும் கடைசியில் வந்தவனைக் கீழே இறக்குங்கள், சீசன் தொடங்கும் முன்பே சம்பளப் பணத்தை டெபாசிட் கட்டச் சொல்லுங்கள். அப்புறம் வந்து என் கணக்கு நோட்டைக் கேளுங்கள், காட்டுகிறேன், ஜெர்சி துவைத்த சலவைக் கணக்கு வரை இருக்கிறது.

இதெல்லாம் உங்கள் கையில் இல்லை என்று எனக்குத் தெரியும். உங்கள் கையில் இருப்பதைக் கேட்கிறேன். வாரம் ஒரு நாள், திங்கட்கிழமை, ஐ-லீக் புள்ளிப் பட்டியலை ஒரு மூலையில் போடுங்கள். இடம் இல்லை என்று சொல்லாதீர்கள், ராசிபலனுக்குக் கீழே மூன்று அங்குலம் காலியாகக் கிடக்கிறது, ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். அப்படியே அந்த 2019 திருத்தத்தையும் போட்டுவிட்டால் நல்லது. அணியின் பெயர் சென்னை சிட்டி.

இப்படிக்கு,
ஒரு பழைய கோல்கீப்பர்,
சூலூர்.