ரீசெட் அமுக்கும் முன் ஒரு வரி

நம் தேயிலை ஆலையின் இயக்குநர்களுக்கும் மேலாளருக்கும், வணக்கம்.

கோத்தகிரி மலையில் உங்கள் ஆலையில் தூளை உலர்த்தும் ட்ரையரின் மின் பேனலைப் பார்த்துக்கொள்ளும் எலக்ட்ரீஷியன் நான். போன கார்த்திகையில் ட்ரையர் ஓயாமல் ட்ரிப் ஆகித் தானே நின்றது, கோயம்புத்தூரிலிருந்து ஆள் வந்தது, சென்சார் சிக்னலை வாங்கும் இன்புட் கார்டு இரண்டை மாற்றியது எல்லாம் பில் வழியாக உங்களுக்குத் தெரியும். பில்லில் இல்லாததைச் சொல்லத்தான் இந்த மடல். இலை போடும் அங்கத்தினர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

நடுநிசி தாண்டி ட்ரையர் நிற்கும். ட்ரையரை ஓட்டும் சின்னக் கணினியான பிஎல்சியில் சிவப்பு விளக்கு சிமிட்டும். ஷிப்டில் இருப்பவர் ரீசெட் அமுக்குவார்; கேட்காவிட்டால் மெயினை அணைத்துப் போடுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். உள்ளே கிடக்கும் தூள் கருகிக்கொண்டிருக்கும், பின்னால் வரும் இலை நேரம் மீறிப் புளித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் யார் பேனா தேடுவார்?

வந்த பொறியாளர் லேப்டாப்பை மாட்டி பிஎல்சி மாட்யூலின் பழுதுப் பதிவைத் திறந்தார். எல்லா வரிக்கும் ஒரே தேதி: 1994 ஜனவரி 1. கடிகாரத்தைக் காக்கும் லித்தியம் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. மெயினை அணைக்கும்போதெல்லாம் கடிகாரம் பிறந்த தேதிக்கே ஓடியிருக்கிறது. பதிவில் 100 வரிக்குத்தான் இடம். ஒவ்வொரு அணைத்துப் போடலும் சில வரிகளைப் பிடித்துக்கொள்ளும், பழையவை போய்விடும். "எப்போது நின்றது?" என்று கேட்டார். "ராத்திரி சார்" என்றோம். வேறு என்ன சொல்ல?

அவர் முதலில் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவைச் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. 1,000 மீட்டருக்கு மேலே காற்று மெலிசு, டிரைவ் சரியாகக் குளிராது. ஒவ்வொரு 100 மீட்டருக்கும் சுமார் 1 சதவீதம் சுமையைக் குறைத்துக் கணக்குப் போடுவார்கள். அதில் ஒன்றும் இல்லை. அப்புறம் கார்டு, இன்னொரு கார்டு.

அதற்குப் பிறகுதான் பேனல் கதவில் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கட்டித் தொங்கவிட்டேன். நேரம், திரையில் வந்த பழுதுக் குறியீடு (கோடு), வெளியே வானம் எப்படி, ஷிப்டில் யார். பதினோரு நாளில் ஏழு ட்ரிப். ஏழும் இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில், ஏழுக்கும் ஒரே கோடு: வெப்பநிலை உள்ளீடு அளவுக்கு மேல். மழை பெய்த இரவில் ஒன்றுகூட இல்லை. வானம் வெளுத்துக் குளிர் இறங்கிய இரவில்தான்.

லீவு நாள் காலை ஆறு மணிக்கு, வெளிச்சுவரில் சென்சார் வயர் வந்து சேரும் பெட்டியைத் திறந்தேன். மூடியின் உட்புறம் சோற்றுப்பானை மூடி மாதிரி நீர் கோத்து நின்றது. ஒரு திருகைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. 15 டிகிரி குளிருக்கு பிடி100 என்ற வெப்பநிலை சென்சார் 105.8 ஓம் மின்தடை காட்ட வேண்டும். வயரை விரலால் அசைத்தால் மீட்டர் 118க்குத் தாவியது, இன்னும் அசைத்தால் தொடர்பே அற்றது. 12 ஓம் கூடினால், 30 டிகிரி சூடு ஏறிவிட்டது என்று மாட்யூல் நம்பும். அறுந்தால் எல்லை மீறியது என்று நிறுத்திவிடும். அதன் வேலையை அது சரியாகத்தான் செய்திருக்கிறது. டெர்மினலை மாற்றி மூடிக்குப் புது ரப்பர் போட்டேன். அதற்கப்புறம் அந்தக் கோடு வரவில்லை. கழற்றிய கார்டுகள் என் அலமாரியில் இருக்கின்றன. இரண்டும் நல்ல கார்டு.

இப்போது என் வருத்தம். அந்த நோட்டைக் கூட்டத்துக்குக் கொண்டுபோனீர்கள். ஷிப்டில் யார் என்ற பத்தியைப் பார்த்து மூன்று பேரிடம் விளக்கம் கேட்டீர்கள். அன்றிலிருந்து நோட்டில் ஒரு வரி இல்லை. ட்ரிப் நின்றுவிட்டதா என்றால், இல்லை. போன வாரம் வேறு ஏதோ ஒன்றுக்கு மூன்று தடவை நின்றது, கோடு என்னவென்று ஒருவருக்கும் தெரியாது.

ஆள் பெயர் பத்தியை நானே அடித்துவிடுகிறேன். எழுதினவரிடம் விளக்கம் கேட்பதில்லை என்று நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டுங்கள், மேலாளர் கையெழுத்தோடு. பேனலுக்குள் ஈரம் கோக்காமல் இருக்க ஒரு சின்ன ஹீட்டர் வேண்டும். புது பேட்டரி இப்போது போட்டாயிற்று; அடுத்த முறை மாற்றும்போது பேனலில் கரண்ட் இருக்கட்டும், இல்லாவிட்டால் கடிகாரம் மறுபடி 1994க்குப் போய்விடும். நான் லீவில் இருந்தாலும் கூப்பிடுங்கள், வந்து மாற்றித் தருகிறேன்.

இப்படிக்கு,
ட்ரையர் பிரிவு எலக்ட்ரீஷியன்