செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: ஏழாவது மேசை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, நம் குடியிருப்பின் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. கீழ்த்தொட்டி இரண்டு முறை கழுவப்பட்டது. லிப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. சிறுவாணித் தண்ணீர் வராத நாட்களில் லாரித் தண்ணீருக்கு ஆன செலவைப் பொருளாளர் தம் கணக்கில் சொல்வார். மீதி நேரத்தை நம் ஞாயிறு சிற்றுண்டிக்கு எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன்.

சென்ற ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றி முடித்து, கேசரியும் வெண்பொங்கலும் பரிமாறினோம். சொந்த வீட்டுக்காரர்கள் ஹாலில் ஒரு பக்கம், வாடகைக்கு இருப்பவர்கள் மறு பக்கம். தரைத்தளத்தில் குடியிருக்கும் நம் காவலாளி அண்ணன் தட்டை வாங்கிக்கொண்டு கேட் ஓரமாகப் போய் நின்று சாப்பிட்டார். யாரும் யாரையும் விலக்கவில்லை. பழகிய முகத்தைத் தேடி அவரவர் உட்கார்ந்ததில் அப்படி அமைந்துவிட்டது. அதே நாளில்தான் தமிழகக் கோயில்களில் சமபந்தி விருந்து நடக்கிறது. அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

செப்டம்பர் முதல் மாதந்தோறும் ஒரு ஞாயிறு மாலை, வீட்டுக்கு ஒருவர் வீதம் கூடி டிபன் சாப்பிடுவது, யார் எந்த மேசை என்பதை மென்பொருள் சொல்வது என்று செயற்குழு முடிவு செய்தது. 504ஆம் வீட்டுக் கல்லூரி மாணவி பைத்தான் என்ற கணினி மொழியில் அதை எழுதிக் கொடுத்தார். ஐந்து மாடி, மாடிக்கு ஏழு வீடு, காவலாளி அண்ணன் வீடு ஒன்று, ஆக 36 பேர். ஆறு வட்ட மேசை, மேசைக்கு ஆறு நாற்காலி. ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்தவர்கள் மறுமுறை சேரக்கூடாது என்பதே விதி.

மென்பொருள் வேலை செய்யும் விதம் இது. முதலில் எல்லோரையும் கண்டபடி உட்கார வைக்கிறது. எத்தனை இணைகள் இரண்டாம் முறை சேர்ந்திருக்கின்றன என்று எண்ணுகிறது. பிறகு இரண்டு பேரை இடம் மாற்றிப் பார்க்கிறது. எண்ணிக்கை குறைந்தால் மாற்றத்தை வைத்துக்கொள்கிறது. தொடக்கத்தில் மட்டும், எண்ணிக்கை சற்றுக் கூடினாலும் சில மாற்றங்களை ஏற்கிறது. இல்லாவிட்டால் அரைகுறைத் தீர்வு ஒன்றில் சிக்கிக்கொண்டு, அதைவிட நல்லதைத் தேடிப் போகாது. கோவை கணபதியில் ஃபவுண்டரி நடத்திய 405ஆம் வீட்டுப் பெரியவர் இதைக் கேட்டதும், "இது அனீலிங் ஆச்சே!" என்றார். உண்மையில் பெயரே அதுதான். உலோகத்தைச் சூடாக்கி மெல்ல ஆறவிடுவதைப் பார்த்து, ஐ.பி.எம். கணினி நிறுவன ஆய்வாளர்கள் கிர்க்பாட்ரிக், கெலாட், வெக்கி மூவரும் 1983இல் வெளியிட்ட முறை அது.

பட்டியலில் என்னென்ன விவரம் சேர்ப்பது என்பதில்தான் நீண்ட விவாதம். சக்கர நாற்காலிக்குச் சாய்தளத்தின் அருகே இடம், காது மந்தமானவர்களுக்கு மின்விசிறி இரைச்சல் இல்லாத மேசை, இவற்றைச் சேர்த்தோம். சொந்த வீடா வாடகையா, எந்த ஊர்ப்பக்கம், என்ன ஆளுங்க என்பதைக் குறிக்கும் பத்தி எதுவும் கூடாது என்று உறுதியாக மறுத்தோம். கதவு எண் மட்டும் போதும். ஒரு சிலருக்கு வருத்தம் உண்டு என்று தெரியும். ஆனாலும் இந்த ஆண்டில் நாம் எடுத்த நல்ல முடிவு இதுவே என்று நம்புகிறேன்.

இனி, நாம் இடறிய இடம். 36 பேரில் மொத்தம் 630 இணைகள். ஒரு மேசைக்கு 15 வீதம் ஆறு மேசைக்கு மாதம் 90. ஏழு மாதத்தில் 630ம் தீர்ந்து, எல்லோரும் எல்லோருடனும் சரியாக ஒருமுறை உட்கார்ந்திருப்பார்கள். இந்தக் கணக்கைச் சொல்லித்தான் நான் செயற்குழுவில் ஒப்புதல் வாங்கினேன். மூன்று மாதத்துக்குத் திட்டம் கேட்டால், ஓர் இணைகூட மீளாமல் மென்பொருள் கொடுத்தது. நான்கு மாதம் கேட்டால், இரவெல்லாம் ஓடவிட்டும் சில இணைகள் மீண்டும் மீண்டும் வந்தன. அந்த மாணவி தன் மென்பொருளில்தான் பிழை என்று எண்ணிக் கலங்கிப்போனார்.

பிழை மென்பொருளில் இல்லை என்று காட்டியவர் 203ஆம் வீட்டு ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. ஆறு படையணி, அணிக்கு ஆறு பதவி, மொத்தம் 36 அதிகாரிகள். வரிசை ஒவ்வொன்றிலும் நிரல் ஒவ்வொன்றிலும் எல்லா அணியும் எல்லாப் பதவியும் ஒருமுறை வரும்படி அவர்களைச் சதுரமாக நிறுத்த முடியுமா? 1782இல் கணித மேதை ஆய்லர் எழுப்பிய புதிர் இது. வரிசையை முதல் மாத மேசை, நிரலை இரண்டாம் மாத மேசை, அணியை மூன்றாவது, பதவியை நான்காவது என்று வைத்துக்கொண்டால், அது நம் சிற்றுண்டிக் கணக்கேதான். முடியாது என்று 1900–01இல் பிரெஞ்சுக் கணித ஆர்வலர் காஸ்டன் டாரி நிறுவினார். 10, 14 போன்ற எண்களுக்கும் முடியாது என்று ஆய்லர் கருதியதை, நம் நாட்டில் பிறந்த கணித அறிஞர்கள் போஸும் ஸ்ரீகண்டேயும் அமெரிக்கரான பார்க்கருடன் சேர்ந்து 1959–60இல் தவறென்று காட்டினார்கள். அவர்களாலும் தகர்க்க முடியாத எண் ஆறு. நாம் வாங்கியிருந்ததும் ஆறு மேசை!

ஆகவே மீதி நான்கு மாதமும் சிலர் பழைய துணையோடே உட்கார நேர்ந்தது. பொறுத்துக்கொண்ட அனைவருக்கும் நன்றி. அப்படியும் பலன் இல்லாமல் போகவில்லை. ஜனவரியில் ஒரு நள்ளிரவு 304ஆம் வீட்டு அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்தபோது, அவர் மகள் முதலில் அழைத்தது 107இல் வாடகைக்கு இருக்கும் செவிலியரை. டிசம்பரில் ஒரே மேசையில் உட்காரும்வரை அவர்கள் பேசிக்கொண்டதே இல்லை.

வரும் ஆண்டுக்கு ஆசிரியையும் மாணவியும் சேர்ந்து தந்த யோசனையைத் தீர்மானமாக முன்வைக்கிறேன். இன்னொரு மேசை வாங்கி, ஏழாக்குவோம். முதல் மாதம் 101, 201, 301, 401, 501 முதல் மேசை, 102, 202 என்று தொடங்குபவை இரண்டாம் மேசை, இப்படியே ஏழுவரை. அடுத்தடுத்த மாதம் முதல் மாடியினர் ஒரு மேசை நகர்வார்கள், இரண்டாம் மாடியினர் இரண்டு, ஐந்தாம் மாடியினர் ஐந்து. ஏழைத் தாண்டினால் மீண்டும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். வெவ்வேறு மாடியில் இருக்கும் எந்த இருவரும் ஏழு மாதத்தில் சரியாக ஒருமுறை சேர்வார்கள். ஒரே மாடிக்காரர்கள் மட்டும் சேரமாட்டார்கள். அவர்கள்தான் தினமும் வாசலில் பார்த்துக்கொள்கிறார்களே. மேசைகளை எங்கே போடுவது, வராதவர் இடத்துக்கு என்ன செய்வது என்பதை மென்பொருள் கவனித்துக்கொள்ளும்.

காவலாளி அண்ணன் எந்த மாதமும் நகர வேண்டியதில்லை. ஏழாம் மேசை அவருடையது. மாதம் ஐந்து பேராக, 35 வீட்டாரும் ஒருமுறை அவரோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

ஒரு மேசையும் ஆறு நாற்காலியும் வாங்கப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்