முதலில் எண்ணெய், அப்புறம் கிளட்ச்

அல்சூர், பெங்களூரு
ஞாயிறு

டேய் குண்டா,

ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதமா என்று சிரிக்காதே. நான் சில்க் போர்டைத் தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டி வந்து சேர்வதற்குள் தபால்காரர் இரண்டு தடவை வந்து போய்விடுவார். மூன்று மாதம் பதில் போடாதது தப்புதான், டீச்சர் மாதிரி முட்டி போடச் சொல்லாதே. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். பாஸ்கர் அதே ஸ்கூட்டர், அதே பொய்.

உன் மாருதி 800 விஷயத்துக்கு வருகிறேன். மேம்பாலம் ஏறும்போது இரைச்சல்தான் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்கிறாய். பேஸ்மென்ட்டில் எண்ணெய்க் கறை என்று அசோசியேஷன் நோட்டீஸ் ஒட்டிவிட்டது என்கிறாய். சனிக்கிழமை ஜே.சி. ரோட்டில் கிளட்ச் செட் வாங்கி நீயே மாட்டப் போகிறாயாம். மாட்டு. ஆனால் இரண்டும் ஒரே வியாதியாக இருக்கலாம் என்று உன் மண்டைக்கு எட்டவே இல்லையா? இஞ்சினுக்குள் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்கம், அதாவது கியர்பாக்ஸ் பக்கம், எண்ணெயைத் தடுக்கும் வளையம்தான் ஆயில் சீல். அது போனால் எண்ணெய், கிளட்ச் பிளேட் ஒட்டிச் சுழலும் ஃப்ளைவீல் சக்கரத்தின் பக்கம்தான் வரும். நனைந்த பிளேட் வழுக்கும். சீலைப் பார்க்காமல் புதுப் பிளேட் போட்டால் அதுவும் குளிக்கும், நீ மறுபடி கியர்பாக்ஸை இறக்குவாய். பழைய பிளேட்டைப் பெட்ரோலில் கழுவினால் போதும் என்று பாஸ்கர் சொல்வான். கேட்காதே. பிளேட்டின் பிடிப்புப் பட்டையான லைனிங் குடித்த எண்ணெய் சூடேறினால் திரும்பக் கசியும்.

அதற்காகச் சீல்தான் குற்றவாளி என்று உடனே தீர்ப்பு எழுதாதே. எண்ணெய் மேலிருந்து இறங்கும், ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். சொட்டுகிற இடம் ஒன்று, கசிகிற இடம் வேறு. உன்னுடையது கார்புரேட்டர் வண்டி. பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் அதில் உண்டு, கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. அதன் ஓ-ரிங், அதாவது ரப்பர் வளையம், கெட்டியாகிவிட்டால் எண்ணெய் கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் மேல் வழிந்து, பின்பக்க சீல் போனது போலவே காட்டும். ஓ-ரிங் சில ரூபாய். கியர்பாக்ஸ் இறக்குவது ஒரு முழு நாள்.

ஆகவே இஞ்சின் ஆறியதும் டீசலும் பிரஷ்ஷும் கொண்டு சுத்தமாகக் கழுவு. டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர் மேல் பாலிதீன் சுற்றிக்கொள். நன்றாகத் துடைத்து, டீசல் வாடை போகக் காயவிட்டு, முகப் பவுடரைத் தூவு. பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பார். ஈரமான இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறதோ அதுதான் ஆள். இஞ்சின் உச்சியில் டேப்பட் கவர் பேக்கிங், ஆயில் பிரஷர் சுவிட்ச், ஃபில்டர் (பழைய ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டிருக்க அதன் மேலேயே புதுசை முறுக்கியிருப்பார்கள்), டிரெயின் போல்ட் வாஷர் எல்லாம் பார். மேலே காய்ந்திருந்து பெல் ஹவுசிங் அடியில் மட்டும் சொட்டினால் விரலில் தொட்டு முகர். கெட்டியாக, கந்தக நெடி அடித்தால் கியர் ஆயில், அதாவது கியர்பாக்ஸுக்குள் நுழையும் இன்புட் ஷாஃப்ட்டின் சீல். கறுத்து நீர்த்திருந்தால் இஞ்சின் ஆயில்.

இன்னொன்று. ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திற. லேசாகத் துடித்தால் பரவாயில்லை. புகையோடு குபுகுபுவென்று தள்ளினால் இஞ்சின் மூச்சுவிடும் பிரீதர் குழாய் அடைத்திருக்கும், இல்லாவிட்டால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும். உள்ளே அந்த அழுத்தம் இருக்கிறவரை எந்தப் புது சீலும் நிற்காது.

கிளட்ச்சுக்கும் ஒரு பரீட்சை உண்டு. முதலில் பெடலில் சுமார் 2 சென்டிமீட்டர் வெறுமனே அமுங்கும் ஆட்டம் இருக்கிறதா பார். கேபிள் இறுகியிருந்தாலே வழுக்கும். அது சரியென்றால் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியர் போட்டுக் கிளட்ச்சை விடு. இஞ்சின் உடனே அணைய வேண்டும். அணையாமல் ஓடினால் பிளேட் போச்சு.

இறக்கும்போது முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்று. கியர் ஆயிலை வடித்துவிட்டுத்தான் ஆக்சிலை இழு. மறந்தால் இரண்டாவது நோட்டீஸ் வரும். இஞ்சினைப் பிடித்திருக்கும் மவுண்ட்டைக் கழற்றுமுன் சம்ப்புக்கு (இஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) அடியில் பலகை வைத்து ஜாக்கால் இஞ்சினைத் தாங்கு. கியர்பாக்ஸைப் பாதியில் தொங்க விடாதே, ஷாஃப்ட் பாரத்தில் பிளேட்டின் நடுப்பகுதி கோணிவிடும்.

இங்கே விளையாட்டு வேண்டாம். வெறும் ஜாக்கை நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதே. செங்கல், ஹாலோ பிளாக் கூடவே கூடாது, சொல்லாமல் நொறுங்கும். வண்டியைத் தாங்கும் ஆக்சில் ஸ்டாண்டு இரண்டு வாடகைக்காவது எடு. பேஸ்மென்ட்டில் உன்னை யாரும் பார்க்கக்கூட மாட்டார்கள்.

கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராக, அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்து. மாட்டும்போதும் அப்படியே, முறுக்கும் அளவு மேனுவலில் இருக்கிறது. தூசியை ஊதாதே, ஈரத்துணியால் துடை. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஃப்ளைவீலில் நகம் சிக்கும் பள்ளமோ விரிசலோ இருந்தால் லேத்துக்குக் கொண்டுபோய்க் காட்டு. பின்பக்க சீலை எப்படியும் மாற்று. அதன் உதடு (உள் விளிம்பு) இஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும், உதட்டில் எண்ணெய் தடவி, பழைய சீலையே மேலே வைத்து நாலு பக்கமும் சமமாகத் தட்டு. பழையது இருந்த ஆழம்தான் கணக்கு, அதற்கு மேல் போகாதே. பிளேட்டில் ஃப்ளைவீல் பக்கம் எது என்று அச்சிட்டிருப்பார்கள், வாசி. பிளேட்டை நடுவில் நிறுத்த, மரக்கோலில் டேப் சுற்றினால் போதும். ஷாஃப்ட்டில் வெட்டிய பற்களான ஸ்ப்ளைனுக்குக் கிரீஸ் பட்டாணி அளவு; அதிகமானால் தெறித்துப் புதுப் பிளேட்டில்தான் விழும்.

சீல் வாங்கப் போகையில் பழையதன் மேலுள்ள நம்பரைக் குறித்துக்கொண்டு போ, கடைக்காரர் கொடுத்ததை அங்கேயே அளந்து பார். ஆக்சில் சீல் இரண்டையும் சேர்த்து வாங்கு. கியர்பாக்ஸை ஏற்ற இரண்டு பேர் வேண்டும்; சனிக்கிழமை விடிவதற்குள் கிளம்பி வருகிறேன். பாஸ்கரைக் கூப்பிடாதே.

உன்,
சீனு