மனுவில் விடுபட்ட ஒரு வரி: டெல்டா விவசாய சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயாக்களுக்கும் தோழர்களுக்கும் வணக்கம்.

எங்கள் வட்டாரத்திலிருந்து ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போகும் மனுக்களில் பல என் கடையில் தட்டச்சானவை. வேதாரண்யம் பக்கம், கடைமடையில், இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். அதனால் உங்கள் கோரிக்கைப் பட்டியல் எனக்கு மனப்பாடம். தூர்வாருதல், நெல்லின் ஈரப்பதத்தில் தளர்வு, யூரியா தட்டுப்பாடு, காப்பீட்டு இழப்பீடு, மும்முனை மின்சாரம். எல்லாமே நியாயமானவை. ஆனால் நெட் லைன் பற்றி ஒரு வரி கூட நான் அடித்ததில்லை. அந்த மனுவை அனுப்பி முடிப்பதற்குள் லைன் எத்தனை முறை போய்வந்தது என்பது வேறு கதை.

"அதெல்லாம் பிள்ளைகள் படம் பார்க்கிற விஷயம்" என்று ஒரு சங்கப் பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார். சரி, பிள்ளைகளை விடுங்கள். என் கடை வாசலில் நிற்கிறவர்களைப் பாருங்கள். சிட்டா எடுக்க வந்தவர், பிஎம் கிசான் பணத்துக்குக் கைரேகை வைக்க வந்தவர், கொள்முதல் நிலையத்துக்கு முன்பதிவு செய்ய வந்தவர், விவசாயி அடையாள எண் வாங்க வந்தவர். நாற்றுப் பறித்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாமல் ஓடிபிக்குப் போனால், போனில் சிக்னல் இல்லை. நூறு நாள் வேலைக்கு 2023 ஜனவரியிலிருந்து வேலையிடத்தில் எடுக்கிற படம் செயலியில் ஏறினால்தான் வருகைப் பதிவு. விதைப்பிலிருந்து நெல் விற்ற பணம் கணக்கில் ஏறுவது வரை எல்லாவற்றையும் அரசு கணினிக்குள் கொண்டுபோய்விட்டது. அதைக் கேட்டு வாங்கியவர்கள் நாம் இல்லை. ஆனால் அந்த வழி ஒழுங்காகத் திறந்திருக்க வேண்டும் என்று கேட்கவும் நாம் மறந்துவிட்டோம்.

இதில் என்னை அதிகம் உறுத்துவது நவம்பர் மாதம். சம்பாப் பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 15 என்றே அறிவிப்பார்கள், பிறகு சில ஆண்டுகளில் நீட்டிப்பார்கள். கஜா புயல் கரையைக் கடந்தது 2018 நவம்பர் 16 அதிகாலை. அதாவது, புயலுக்கு எதிராகக் காப்பீடு செய்ய வேண்டிய அதே நாட்களில்தான் புயலும் வருகிறது, கரண்டும் போகிறது, நெட்டும் போகிறது. கெடு நாளில் கிராம நிர்வாக அலுவலரிடம், என்ன பயிர் வைத்திருக்கிறார் என்பதற்கான அடங்கல் சான்று வாங்கிக்கொண்டு, மழையில் நனைந்த பையோடு வந்து நிற்கிறவரிடம் "சர்வர் இல்லைங்க" என்று சொல்கிற வேலை எனக்கு. அவர் திட்டுவது என்னை. அதுவும் நியாயம்தான், எதிரே நிற்பது நான்தானே.

கஜாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. இங்கே பல ஊர்களில் வாரக்கணக்கில் இருட்டு. செல்போன் கோபுரங்கள் நின்றிருந்த இடங்களிலும் பேட்டரி தீர்ந்தது. ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோகச் சாலையெங்கும் மரங்கள் விழுந்து கிடந்தன. இதையெல்லாம் பார்த்த பிறகும், ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழைக் கேபிள் கொண்டுவரும் பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டில் கேபிளைப் பெரும்பாலும் மின்கம்பங்கள் வழியேதான் இழுத்திருக்கிறார்கள். மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் சேர்த்து ஒரே அச்சில் போட்ட திட்டம் அது. கொங்குப் பக்கத்துக்கு அது பொருந்தலாம். கோடியக்கரைக்கும் தலைஞாயிறுக்கும் முத்துப்பேட்டைக்கும் பொருந்துமா? கம்பம் விழுந்தால் விளக்கும் போகும், கேபிளும் போகும். ஒரே அடியில் இரண்டும் போகிற மாதிரி அமைத்துவிட்டு அதற்குப் பேரிடர் மேலாண்மை என்று பெயர் வைக்க முடியாது.

எல்லாவற்றையும் மண்ணுக்குள் புதைக்கச் சொல்லவில்லை. செலவு கூடும், தெரியும். ஒன்றியத்திலிருந்து ஒன்றியத்துக்குப் போகும் முதன்மை லைனையாவது கடலோர வட்டங்களில் புதைக்கட்டும். புதிதாகச் சாலை போடும்போதே ஓரத்தில் ஒரு காலிக் குழாயைப் பதித்துவிட்டால், பிறகு கேபிளுக்கென்று தனியாகத் தோண்ட வேண்டியதில்லை. இன்னொன்று வளைய அமைப்பு. ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் சுற்றி வந்து லைன் உயிரோடு இருக்கும். 2023 ஆகஸ்டில் 1.39 லட்சம் கோடி ரூபாயில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்த திருத்திய பாரத்நெட் திட்டத்திலேயே இது இருக்கிறது. நாம் புதிதாக எதையும் கண்டுபிடித்துக் கேட்கவில்லை. காகிதத்தில் இருப்பதைக் கடலோர டெல்டாவில் முதலில் செய்யுங்கள் என்கிறோம், அவ்வளவுதான்.

புதைத்தால் மட்டும் தீர்ந்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்னால் கோடையில் தூர்வாரும்போது பொக்லைன் முதலில் அறுப்பது கரையோரம் கிடக்கும் கேபிளைத்தான். தூர்வாரச் சொல்லிக் கேட்டது நாம். கேபிள் எங்கே போகிறது என்று பொக்லைன் ஓட்டுகிறவருக்கு யாரும் சொல்லவில்லை. தோண்டும் முன் தகவல் சொல்வதற்கென்றே 2023 மார்ச்சில் ஒன்றிய அரசு ஒரு செயலியை வெளியிட்டது. அந்தத் தம்பி செயலியைத் திறந்து பார்த்துவிட்டா தோண்டப்போகிறார்? கேபிள் போகும் வழி குறித்த வரைபடம் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தால் போதும். தூர்வாரும் பணியைப் பார்க்க உங்கள் ஆட்கள் எப்படியும் கரையில் நிற்கிறார்கள், அவர்களே சொல்லிவிடுவார்கள்.

பணம் எங்கே என்பார்கள். தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் 5 சதவீதம், கிராமங்களுக்குச் சேவை கொண்டுசெல்வதற்கென்றே தனி நிதிக்குப் போகிறது. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி அதற்கு இப்போது டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர். நிறுவனங்களின் வருவாய் என்றால் வேறென்ன, நாம் போடுகிற ரீசார்ஜ்தான்.

அப்புறம், லைன் வந்தால் மட்டும் போதுமா? அந்த லைனில் எதைப் பார்க்கலாம் என்பதை யார் முடிவு செய்வது? 2016 பிப்ரவரி 8 அன்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு விதி கொண்டுவந்தது. சில தளங்களை மட்டும் இலவசமாகவோ மலிவாகவோ தந்து, மற்றதற்குக் கூடுதல் காசு வாங்குவது கூடாது என்றது. ஃபேஸ்புக்கின் இலவச இணையத் திட்டம் இந்தியாவில் அதோடு நின்றது. ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விடும்போது, ஒரு கம்பெனியின் விதை போட்ட வயலுக்கு மட்டும் மதகைத் திறப்போம் என்றால் நீங்கள் விடுவீர்களா? அந்த விதிக்கு எதிராக இன்னொரு வடிவத்தில் யாராவது வரும்போது, எதிர்த்துப் பேச நகரத்து இளைஞர்கள் மட்டும் இருந்தால் போதாது. நெல் விலையையும் வானிலையையும் போனில் பார்க்கிற நமக்கும் அதில் பங்கு உண்டு.

போராட்டக்காரர்களான உங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2017இல் எண்ணெய், எரிவாயுத் திட்டங்களை எதிர்த்து நெடுவாசலும் கதிராமங்கலமும் போராடியது வெளியூருக்குத் தெரிந்ததில் கைப்பேசிப் படங்களுக்கு எவ்வளவு பங்கு என்று உங்களுக்கே தெரியும். அடுத்த ஆண்டு மே மாதம் தூத்துக்குடியில் துப்பாக்கிச்சூடு நடந்ததும் அங்கும் நெல்லை, குமரியிலும் இணையத்தை நிறுத்தினார்கள். இணையத்தைக் காலவரையின்றி முடக்கக் கூடாது, முடக்கும் உத்தரவை வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் சொல்லிவிட்டது. வெளியிட்டார்களா என்று கேட்க ஒருவர் வேண்டாமா?

ஊருக்குத் தகவல் தொடர்பு வசதி என்பது டெல்டாவுக்குப் புதிய சங்கதியும் இல்லை. 2004 அக்டோபரில் இஸ்ரோவும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய முதல் கிராம வள மையங்களில் ஒன்று திருவையாற்றில் இருந்தது. செயற்கைக்கோள் வழியே நிபுணரிடம் கேள்வி கேட்கும் ஏற்பாடு அது. இரண்டே மாதத்தில் சுனாமி. புதுச்சேரி அருகே நல்லவாடு மீனவ ஊருக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு போன் வந்தது. அங்கே அதே சுவாமிநாதன் நிறுவனம் அமைத்திருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து, ஊரை வெளியேற்றினார்கள். ஒரு தொலைபேசி, ஒரு ஒலிபெருக்கி, அதை இயக்கத் தெரிந்த உள்ளூர் ஆட்கள். சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரையில் கட்டிய பேரிடர் மையங்களின் மொட்டை மாடியில் சோலார் தகடும், கீழே பேட்டரியும், ஒரு கேபிள் லைனும் வைத்தால், கரண்ட் போன அன்றைக்கும் அந்த ஓர் இடத்திலாவது பேச முடியும். மற்ற நாட்களில் அதையே ஊர் வைஃபையாக விடலாம். 2020 டிசம்பரில் வந்த பிஎம்-வாணி திட்டப்படி டீக்கடைக்காரர்கூட உரிமம் இல்லாமல் வைஃபை விற்கலாம். எங்கள் பக்கம் ஒரு டீக்கடையிலும் நான் பார்த்ததில்லை.

கடைசியாகத் தண்ணீர்க் கணக்கு. மேட்டூரில் இன்று எத்தனை அடி என்று எந்தப் பெட்டிக்கடையிலும் கேட்கலாம். என் ஊர் வாய்க்காலுக்கு இன்று எத்தனை கனஅடி என்று கேட்டால், மதகைத் திறந்து மூடும் பணியாளரான லஸ்கர் வந்து சொன்னால்தான் உண்டு. மதகு வாரியாகத் திறக்கும் அளவைத் தினமும் தமிழில், யாரும் எந்த போனிலும் பார்க்கும்படி போடச் சொல்லுங்கள். செயலி இறக்கச் சொல்லாமல், கடவுச்சொல் கேட்காமல்.

அடுத்த குறைதீர் கூட்டத்துக்கு மனு அடிக்க எப்படியும் வருவீர்கள். இந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் நான் காசு வாங்கப்போவதில்லை. வரும்போது ஒவ்வொருவரும் உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் இருக்கும் இணையப் பெட்டியில் விளக்கு எரிகிறதா, எரியவில்லை என்றால் எப்போதிலிருந்து என்று கேட்டு எழுதி வாருங்கள். அந்தப் பட்டியலை மனுவோடு இணைத்துவிடலாம். அக்டோபர் மழை பிடிப்பதற்கு முன் கொடுத்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
கடைமடை இ-சேவை மையக்காரன்